போகிக்குக் குளித்த கார்

போகியன்று காரைக் கழுவாவிட்டால் வாஞ்சிநாதனுக்குச் சோறு இறங்காது. உறைபனி தெரியாத சன்னிவேலில் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் கழுவினார். நியூ ஜெர்சிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்திலும், வெயில் அடிக்கிறதே என்று நம்பி, மத்தியானம் மூன்று மணிக்கு நாலு வாளித் தண்ணீர் ஊற்றித் தன் மனைவி ஷ்யாமளாவின் காரைக் குளிப்பாட்டினார். சந்தனம், குங்குமம் வைத்தார். கிறீச்சிட்டுக்கொண்டிருந்த டிக்கிக் கதவின் ரப்பருக்கு நல்லெண்ணெய்கூடத் தடவினார். ஹீட்டர் கோளாறான தன் பழைய காரைக் கண்டுகொள்ளவில்லை.

அத்தனை உபசாரத்துக்கும் காரணம் இருந்தது. பொங்கலன்று ஷ்யாமளா வேலையில் சேர்கிறாள். விசா இழுபறியில் ஒன்பது வருஷம் வீட்டோடு கிடந்தவளுக்கு ஓர் ஆஸ்பத்திரி லேபில் இடம் கிடைத்திருந்தது. பதினோரு மைல் தூரம். எட்டு மணிக்கு ஓரியன்டேஷன். தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்குவேன் என்பது அவள் பிடிவாதம். கொண்டுவிடுகிறேன் என்று அவர் ஒரு வாரம் கெஞ்சியும் மசியவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கார்க் கதவை இழுத்தாள். வரவில்லை. அடுத்த கதவும் வரவில்லை. அவர் ஊற்றின தண்ணீரெல்லாம் ராத்திரிக் குளிரில் இடுக்குகளில் உறைந்து, நாலு கதவையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. சந்தனப் பொட்டு மட்டும் பனிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ஷ்யாமளாவுக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷன் பாசத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினாலே ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். விறுவிறுவென்று போய்க் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்தாள். கண்ணாடி விரிசல் விடும் என்று அவர் குறுக்கே வந்து தடுத்தார். பிறகு, அடி வாங்கப்போகிற முகத்தோடு, தன் காரிலேயே கொண்டுவிடுவதாகச் சொன்னார்.

"வேணாம். ஒன்பது வருஷமா நீங்க ட்ராப் பண்ண இடத்துக்கெல்லாம்தான் போயிருக்கேன். இன்னிக்கு ஒரு நாளாவது நானா போய் நிக்கணும்."

அவள் ஆத்திரத்தில் டிக்கியை ஓர் இழுப்பு இழுத்தாள். பொசுக்கென்று திறந்துகொண்டது. நல்லெண்ணெய் தடவின இடத்தில் ஐஸ் ஒட்டவேயில்லை. புதுக் கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்சீட்டின் மேல் தவழ்ந்து முன்னால் போய், தோளால் முட்டிக் கதவைத் திறந்தாள்.

எஞ்சின் சூடாகட்டும் என்று ஓடவிட்டார்கள். ஐஸ் சுரண்ட அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. தோசைமாவு டப்பாவின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து வந்து, விரல்கள் சிவக்கச் சிவக்க, கண்ணாடிகள் முழுவதையும் அவர் சுரண்டினார். திரும்பி வரும்போது தேவைப்படும் என்று மூடியைப் பக்கத்து சீட்டில் வைத்தார். சடாரென்று பிரேக் போடாதே, பிரிட்ஜில் வழுக்கும், போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்று அடுக்கினார். பின்னாலேயே வரக் கூடாது என்று மட்டும் அவள் சொன்னாள். சத்தியமாக வரவில்லை என்றார்.

இரண்டாவது சிக்னலில் ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தாள். அந்தப் பழைய கார். முகப்புக் கண்ணாடி பூராவும் வெள்ளை. நடுவில் ஓர் அப்பளம் அளவுக்கு ஓட்டை, அதற்குள் ஒரு குரங்குக் குல்லாய். மூடியை அவளிடம் கொடுத்துவிட்டு நகத்தால் சுரண்டியிருக்கிறார் பாவி மனுஷன். அதற்குப் பிறகு அவளுக்குத் தன்னைப் பற்றிய பயம் சுத்தமாகப் போய்விட்டது. அவர் வழுக்கிவிடக் கூடாதே என்று, பின்னால் ஒரு கண் வைத்தபடி, பிரிட்ஜை ஊர்ந்து கடந்தாள்.

ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் ஏழு நாற்பது. அவர் தூரத்து மூலையில் நிறுத்தி ஒளிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஷ்யாமளா மூடியோடு நேரே அங்கே நடந்தாள். அவர் கார்க் கண்ணாடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சுரண்டி முடித்தாள். அசடு வழிய அவர் ஜன்னலை இறக்கினார். மூடியை அவர் மடியில் போட்டாள்.

"பிரிட்ஜ்ல மெதுவா போங்க. ரீச் ஆனதும் மெசேஜ் போடுங்க."

ஓரியன்டேஷன் நடுவில், மேஜைக்கு அடியில், அவளுடைய போன் அதிர்ந்தது. வந்து சேர்ந்துட்டேன் என்று எழுதியிருந்தார். அதன் பிறகுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்வதைக் கவனிக்க ஆரம்பித்தாள்.