தென்கிழக்கு வானம்

உலகம்மாள் பேரில் இருந்த கடன் நாற்பத்தோரு ரூபாய் ஆறணா. வாங்கினது என்னவோ பதினெட்டு ரூபாய்தான். புருஷன் சிவசைலம் கல் சுமக்கப் போன இடத்தில் காலை ஒடித்துக்கொண்டு கிடந்த வருஷம், வைத்தியனுக்கும் வயிற்றுக்குமாக அவள் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினாள்.

"ரெண்டு வருசந்தானே, ஓடிப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனவள். வருஷம் நாலாகிவிட்டது. அரிசிக்கு, கம்பளிக்கு, காய்ச்சல் மருந்துக்கு என்று தோட்டத்தில் பற்று ஏறினதே தவிர இறங்கவில்லை. கடன் தீராத ஆளை அங்கிருந்து விடமாட்டார்கள்.

பரிதாபி வருஷம் மாசியில் கங்காணி அப்பாத்துரை ஆள் பிடிக்க ஊருக்கு வந்தார். சிவசைலம் பாளையங்கோட்டைக்கு நடந்துபோய் அவரைப் பார்த்தான்.

"சித்திரை பத்துல நான் கப்பல் ஏறுதேன்வே. அதுக்குள்ள பணத்தை வச்சீருன்னா அடுத்த கப்பல்ல ஒம்ம பெஞ்சாதி தூத்துக்குடியில வந்து எறங்குவா. இல்லன்னா பொறவு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் நான் இந்தப் பக்கம் வருவேன்."

"வச்சிருதேன் அண்ணாச்சி" என்றான் சிவசைலம். கையில் அப்போது ஒரு தம்பிடி இல்லை. ஆனால் ஆற்றுக்குள் அவன் போட்ட வெள்ளரி இருந்தது.

வண்ணார்பேட்டைக்குக் கீழே ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டு. தையில் தண்ணீர் இறங்கினதும் அதில் குழி பறித்து, எரு கொட்டி, வெள்ளரி போடுவார்கள். காய் கொடியிலேயே பழுத்துத் தோல் வெடிக்கிற சமயம் பனையோலை சுற்றிக் கட்டி எடுத்தால் நல்ல விலை. பச்சையாகப் பறித்து வைக்கோலில் போட்டாலும் பழுக்கும். மணம் இருக்காது, பாதி விலைதான் பெறும்.

பயமெல்லாம் வெள்ளத்துக்குத்தான். அதற்கு நெல்லையில் ஒரு சொட்டு மழை வேண்டாம். மேற்கே மலையில் கோடை இடி மழை கொட்டினால் போதும், இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து நிற்கும். அதனால் திட்டில் வெள்ளரி போட்டவர்கள் எல்லாரும் பொழுது சாய்ந்தால் மேற்கே பார்ப்பார்கள். சிவசைலமும் பார்ப்பான். ஒரு தரம் மேற்கே பார்த்தால் பத்துத் தரம் தென்கிழக்கே பார்ப்பான். அவள் இருக்கிற திக்கு அது. அங்கன மின்னினால், பாவி மகள் கூடையும் முதுகுமாக நனைந்துகொண்டு நிற்பாளே என்று இருக்கும். மின்னாவிட்டால், ஒரு சேதியும் இல்லாதது போல் இருக்கும்.

அவன் குழிகளுக்கு அடுத்த குழிகள் ஐயம்பெருமாளுடையவை. வாய்க்காரன்.

"ஏலே, மழை மேக்கேயிருந்துல்லா வரும். நீ என்ன கடலுக்குக் காவல் இருக்கியா?"

"சும்மா பாக்கேன்."

"நல்லாப் பாரு. கையைக் காட்டுவா, தெரியும்."

பங்குனியில் இரண்டு தரம் தலையாரி கரையில் நின்று தமுக்கு அடித்துவிட்டான். மலையில் மழையாம், அம்பாசமுத்திரத்திலிருந்து தாலுகா கச்சேரிக்குத் தந்தி வந்திருக்கிறதாம், ஆற்றுக்குள் ஆளும் மாடும் நிற்கக்கூடாதாம். முதல் தமுக்குக்கு ஐயம்பெருமாள் பதறிப்போய் ஒரு வரிசையைப் பிஞ்சும் காயுமாக அறுத்துப்போட்டான். வந்ததோ முழங்கால் தண்ணீர். அன்றையிலிருந்து தமுக்கு என்றாலே அவனுக்கு எரிச்சல்.

பங்குனி முடிய நாலைந்து நாள் இருக்கையில், ஒரு மத்தியானம், மூன்றாவது தமுக்கு கேட்டது.

"தந்தி ஆபீசுல பொழுது போவலன்னா நம்மளுக்குக் கொட்டடிச்சிருதானுவ" என்றான் ஐயம்பெருமாள்.

"மேக்கே நேத்தேலருந்து கறுத்துக் கெடக்குவே."

"கறுத்துக் கெடக்கது ஒன் மூஞ்சி. இன்னும் எட்டு நாளு விட்டா அத்தனையும் பழம். இப்பப் பறிச்சா பாதிக் காசு. பாதிப் பொண்டாட்டிதான் கப்பல்ல வருவா, சொல்லிட்டேன்."

சிவசைலத்துக்குச் சிரிப்பு வந்தது. ஐயம்பெருமாள் சொல்கிறதுதான் நிஜமாக இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை. எட்டு நாள் வெயில் அடித்தால் நாற்பத்தோரு ரூபாயும் தேறும், அவளுக்கு ஒரு சேலைக்கும் மிஞ்சும். பறித்துவிட்டால் இருபது தேறினால் பெரிசு. ஒரு காயைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். காம்பைக் கிள்ளக் கை வரவில்லை. அவளையே பறித்துப் போடுகிற மாதிரி இருந்தது.

பிறகு என்ன நினைத்தானோ, தண்ணீரை ஒட்டின வரிசைகளில் முற்றின காயாகப் பார்த்துப் பறிக்க ஆரம்பித்தான். கூடை கூடையாகக் கரையேற்றினான். ஒடிந்து கூடின கால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் குத்தியது. பாதி ஆனதும் நின்றுவிட்டான். நடுமேட்டில் இருந்த மீதியைத் தொட மனசு இல்லை. அது இருக்கட்டும், வெள்ளம் வராமலும் போகலாமே.

வெயில் தாழ்கிற நேரம், மேற்கே ஆற்றுப் பாலத்துப் பக்கமிருந்து வண்டிகள் ஓடி வருகிற மாதிரி ஒரு இரைச்சல். தலைக்கு மேலே வானம் தெளிவாகத்தான் இருந்தது. செக்கச்செவேல் என்று நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. ஐயம்பெருமாள் ஓடுவதை விட்டுவிட்டுக் குனிந்து காய்களை அள்ளினான். சிவசைலம் அவன் குடுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையில் போய் விழுந்தான். திரும்பிப் பார்த்தபோது திட்டு இருந்த இடம் தெரியவில்லை.

"ஒரு காயாவது எடுத்திருப்பேம்லே" என்று ஐயம்பெருமாள் அழுதான்.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. மேலே சேரன்மாதேவியிலிருந்து கீழே சீவலப்பேரி வரைக்கும் ஆற்றுக்குள் ஒரு கொடி மிஞ்சவில்லை. சித்திரை விசு வந்தது, வெயிலும் வந்தது, வெள்ளரிப்பழம் மட்டும் எங்கேயும் இல்லை. மேலப்பாளையத்துப் பழ யாவாரி அசன் மைதீன் தேடிக்கொண்டு வந்து வைக்கோலை விலக்கிப் பார்த்தார்.

"மணமே இல்லையேவே."

"கொடியில பழுக்கல, மொதலாளி."

"தெரியுது. ஆனா வேற எவன்கிட்ட இருக்கு? மத்த வருசம் நல்ல பழத்துக்குக் குடுத்ததுல ஒண்ணரைப் பங்குக்கு மேலேயே தாரேன், வண்டியில ஏத்தும்."

முப்பத்தெட்டு ரூபாய் ஆயிற்று. சிவசைலம் அதைத் துணியில் முடிந்துகொண்டான். கூட ஒரு மூன்று ரூபாய்க்கு யாரிடம் கேட்பது? ஆற்றில் வெள்ளரி போட்டவன் எல்லாம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இருப்பதைக் கொடுத்துக் காலில் விழலாம் என்று பாளையங்கோட்டைக்கு நடந்தான்.

கங்காணி வீட்டு வேப்பமரத்தடியில் ஐயம்பெருமாள் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் பெஞ்சாதி அன்னத்தாய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"நீ எங்கவே இங்கன?" என்றான் சிவசைலம்.

"கடலைப் பாத்துட்டே இருந்தியே, அங்கன அப்படி என்ன இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னுதான்." சிரித்தான். அன்னத்தாய் சிரிக்கவில்லை.

கங்காணி முடிச்சை அவிழ்த்து எண்ணினார். "கொறையுதேவே."

"மூணு ரூவா ஆறணா அண்ணாச்சி. கூலிக்குப் போயிக் கட்டிருதேன்."

அப்பாத்துரை ஐயம்பெருமாளின் தோளையும் கையையும் ஒரு பார்வை பார்த்தார். "சரி, ஒமக்குத் தெரிஞ்ச ஆளு, நல்ல உருப்படி. ஒரு பொம்பளை விட்டுட்டுப் போற எடத்துக்கு ஒரு ஆம்பளை வாரான். எனக்கு நட்டமில்ல. கொறைஞ்சதைத் தள்ளிவிட்டாச்சு. உலகம்மா கணக்குத் தீந்துது. அடுத்த கப்பலுக்குத் தூத்துக்குடியில போயி நில்லும்."

நாலு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த சொல். சிவசைலத்துக்குத் தென்கிழக்கே பார்க்கத் தோன்றவில்லை, அன்னத்தாயைத்தான் பார்த்தான்.

"ஒன் பெஞ்சாதி கப்பல் ஏறுமுன்ன நான் அங்க போயிருவேன். அவகிட்ட என்னலே சொல்ல?" என்றான் ஐயம்பெருமாள்.

"ஆறு பெருகிச்சுன்னு சொல்லு."

கங்காணி அந்த முப்பத்தெட்டிலிருந்து இருபது ரூபாயை எண்ணி எடுத்து, முன்பணம் என்று ஐயம்பெருமாள் கையில் வைத்தார். அவன் அதை அப்படியே அன்னத்தாயிடம் நீட்டினான். வைக்கோல் வாடை அடித்த அந்தக் காசை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.