கல்லில் பாதி பச்சை

தேயிலைத் தோட்டத்தின் லோரிப் பாதையை அகலப்படுத்த வேண்டும் என்று துரை சொன்னதால், இருளப்பனும் அவன் மச்சான் சிங்காரமும் ரம்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அந்தப் பெரிய நிழல் மரத்தை ஒரே பகலில் சாய்த்தார்கள். மரத்தடியில் பாசி படர்ந்த பச்சைக் கல் ஒன்று இருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் அதை ஆத்தா என்று கும்பிட்டு, ஒரு பூ வைத்துவிட்டுத்தான் கூடையை மாட்டுவார்கள்.

மூன்றாம் மாதம் கல் சிவந்தது, குங்குமத்தைக் குழைத்து அப்பியது போல. அதே வாரம் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டது.

மரத்தை வெட்டியதால் ஆத்தாவுக்குக் கோபம் என்று கோவிலில் கூடி விசாரித்தார்கள். இருளப்பனின் மனைவி வேலம்மா தன் அண்ணன் சிங்காரத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். மச்சான்தான் கேக்கல லா," என்றான் சிங்காரம்.

"அப்ப ரம்பத்துக்கு அந்தப் பக்கம் யாரு மச்சான், துரையா?" என்று இருளப்பன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் இருளப்பன் பக்கத்தில் நின்று வேலை செய்ய ஆள் வரவில்லை. திரிங்காப்பு டவுனுக்குப் போய்க் காய்கறி லோரியில் சுமை ஏற்றினான். ஒரு மழை நாளில் அவன் போன லோரி வளைவில் கவிழ்ந்தது. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றது லயம். சிங்காரம்தான் முன்னால் நின்று பாடை கட்டினான்.

நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட தோமஸ், கல் ஏன் சிவந்தது என்று வேலம்மா கேட்டபோது மறைக்காமல் சொன்னார்:

"கோவமும் இல்ல, குங்குமமும் இல்லம்மா. அது பாசி. நிழல்ல பச்சையா இருக்கும். வெயில் சுட்டா உடம்புக்குள்ள சிவப்புச் சாயம் சேத்துக்கும். கேரட்ல இருக்கற சாயந்தான். நாத்துக்கு நாம பந்தல் போடறோம். அதுக்கு யாரு போடுவா? அதுவே போட்டுக்குது. திரும்ப நிழல் குடுங்க, மெல்ல பச்சையாவும்."

அவள் நேரே அண்ணனிடம் போனாள்.

"அவரு தனியா வெட்டல, நானும் பிடிச்சேன்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லுண்ணே. அவரு மேல இருக்கற பழி போனா போதும் எனக்கு."

"கல்லு பச்சையாவட்டும் புள்ள. கோவில்லயே நின்னு சொல்றேன். சத்தியமா."

நான்கு குச்சி நட்டு, கல்லின் பாதிக்கு மட்டும் கோணிப் பந்தல் போட்டாள். புருஷன் பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறாள் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் மறுக்கவில்லை. அண்ணன் சொல்லட்டும் என்றிருந்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் அழைத்துக் கோணியை அவிழ்த்தாள். நிழல் விழுந்த பாதி பச்சை. வெயில் காய்ந்த பாதி அப்படியே சிவப்பு.

"பாத்தீங்களா? வெயிலு, நெழலு, அவ்வளவுதான். அண்ணே, நீ சொல்லு."

சிங்காரம் கல்லைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். சட்டென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஆத்தா குளுந்துட்டா! மச்சான் உசுர எடுத்ததோட போதும்னுட்டா தாயீ!"

கூட்டம் மொத்தமும் கைகூப்பியது. "ஆமா லா, பாதி கோவம் எறங்கிருச்சு," என்று பக்கத்து வீட்டுச் செல்லம் அழுதாள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். சிங்காரம் எழுந்து, தட்டில் குங்குமம் எடுத்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தான். தங்கை முன் நின்றபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்துக்க புள்ள. எனக்குக் கட்டிக் குடுக்க மூணு பொண்ணு இருக்குது," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

வேலம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் சற்று நேரம் தட்டை நீட்டியபடியே நின்றான். பிறகு அடுத்த ஆளிடம் போனான்.