பேட்டரி முனையில் திருமண்

திருச்சானூரில் பாஷ்யம் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, முப்பத்தேழு வயது அம்பாசடர் 'டக்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. பாஷ்யம் மறுபடி சாவியைத் திருப்பினார். மறுபடி 'டக்'. இதற்கு மேல் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட மொத்த வியாபாரி மாதிரி.

சித்தூரில் பதினொரு மணிக்கு மகள் நீரஜாவின் நிச்சயதார்த்தம். ஒன்பதுக்குள் கிளம்பினால்தான் இந்த வண்டி தன் வேகத்தில் போய்ச் சேரும். போய்ச் சேர வேறு வழி இல்லாமல் இல்லை. பின்னாலேயே மைத்துனர் கேசவின் புது எலெக்ட்ரிக் கார், டிரைவரோடு, ஏசி ஓட, சத்தமே இல்லாமல் காத்திருந்தது. அந்தச் சத்தமில்லாமைதான் பாஷ்யத்தைக் குடைந்தது.

பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தி இந்த அம்பாசடரைச் சுற்றிச் சுற்றி வந்து, "நான் ஓட்டக் கத்துண்டதே இந்த மாதிரி வண்டியிலதான். நிச்சயத்துக்கு இதுலயே வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாஷ்யமும், "இது ஒருநாளும் வழியில நின்னதில்லே" என்று அடித்துச் சொல்லியிருந்தார். அது இப்போதும் உண்மைதான். வாசலைத் தாண்டினால்தானே வழி.

"அத்திம்பேர், என் வண்டியில ஏறுங்கோ. நேரா போய் இறங்கலாம்" என்றார் கேசவ். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். எல்லாவற்றுக்கும் தீர்வு வைத்திருப்பவர்.

"உன் வண்டியில ஏறினா நான் இறங்கவே முடியாதுடா. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே."

"அப்பா, யார் வண்டியில போனாலும் பொண்ணு நான்தானே?" என்றாள் பட்டுப்புடவையில் நின்ற நீரஜா. அது யார் காதிலும் விழவில்லை.

கார் எலெக்ட்ரீஷியன் சைமன் எட்டரைக்கு வந்தார். கோயிலுக்குப் புறப்பட்டவரைப் போன் போட்டுத் திருப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, ஸ்கூட்டரில் பைபிள் பை, அதற்குள்ளேயே மீட்டர். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்தவர். திருப்பதியில் இருபது வருஷமாக எல்லாக் கடவுளின் வண்டிகளுக்கும் ஒயரிங் பார்ப்பவர்.

"சாமி, சாவியத் திருப்பிக்கினே இருக்காத. புண்ணுல குத்திக்கினே இருந்தா ஆறுமா?"

ஹாரனை அடித்தார். தெரு முனையில் ஷேர் ஆட்டோ ஒன்று ஒதுங்கியது. முன் விளக்கைப் போட்டார், பளிச்சென்று எரிந்தது. விளக்கு எரியும்போதே சாவியைத் திருப்பச் சொன்னார். 'டக்'. விளக்கு சுருங்கிப்போனது.

"பேட்டரி செத்துடுத்து" என்றார் பாஷ்யம்.

"நேத்து சாயங்காலம் நான் வாங்கிக் கொடுத்த புது பேட்டரி அது!" என்றார் கேசவ். "ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போயிருக்கும். போன்ல பார்த்தேன். நாலு காரணம் போட்டிருக்கான்."

"போனு நாலு சொல்லும். வண்டிக்கு ஒண்ணுதான்" என்றார் சைமன். "கரண்டு இருக்குது. போற வழிதான் அடைச்சிக்கினு இருக்குது. ஒத்தக் கதவு தெறந்திருந்தா ஒத்த ஆளு போலாம், கல்யாணக் கூட்டம் போவ முடியுமா? ஹாரனுக்கு ஒத்த ஆளு போதும். ஸ்டார்ட்டருக்கு ஊரே போவணும்."

பானட்டைத் திறந்தார். பேட்டரிக்குத் துளசி மாலை சாத்தியிருந்தது. அதை மரியாதையாக விலக்கி, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களின் தலையில் வைத்தார். மீட்டர் சைபர் காட்டியது. ஹாரன் அடிக்கும் பேட்டரியில் சைபரா? ஊசியால் சுரண்டினார். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. சுரண்டிய இடத்தில் ஊசியை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட்.

"இன்னா சாமி இது, சுண்ணாம்பா?"

அத்திம்பேரும் மைத்துனரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

"திருமண்" என்றாள் பெருந்தேவி, பாஷ்யத்தின் மனைவி. "நேத்து மாட்டறதுக்கு முன்னாடி பேட்டரிக்குப் பூஜை பண்ணினா. இவர் ஒரு முனைக்கு நாமம் இட்டார். என் தம்பி இன்னொண்ணுக்கு இட்டான்."

பாஷ்யம் தென்கலை, அவர் நாமத்துக்குப் பாதம் உண்டு. கேசவ் வடகலை, பாதம் கிடையாது. பெருந்தேவி பிறந்தது வடகலைக் கடை, வாழ்க்கைப்பட்டது தென்கலைக் கடை. இரண்டு முதலாளிகளின் சரக்கும் அவளுக்கு அத்துப்படி. பாஷ்யம் மெல்லியதாகத்தான் இட்டாராம். கேசவ் அதைவிடக் கொஞ்சம் திக்காக இட்டார். பாஷ்யம் மறுபடி தொட்டுச் சரிசெய்தார். சுண்டுவிரல் பருமன் குமிழில் நெற்றி அளவு நாமம் எங்கே நிற்கும்? சுற்றிலும் அப்பிக்கொண்டது. காய்வதற்குள் கேசவ் அதன் மேலேயே ஒயரின் கிளாம்பை மாட்டி ஸ்பானர் போட்டு முறுக்கிவிட்டார்.

"வெக்கப்படாதீங்க" என்றார் சைமன். "எங்க சபை வேன்ல போன வருசம் பாஸ்டரு வாக்குத்தத்த வசன ஸ்டிக்கர எர்த் போல்ட்டுக்கு அடியில ஒட்டிட்டு மாட்டிட்டாரு. மூணு நாளு தேடினேன். நாலாம் நாளு மொத்த சபையும் உபவாசம் இருந்திச்சி. கடைசில ஸ்டிக்கர உரிச்சேன், ஓடிச்சி. உபவாசத்தாலதான் ஓடிச்சின்னு சாட்சி சொன்னாங்க."

பிறகு மீட்டரின் ஓர் ஊசியைக் குமிழிலும் இன்னொன்றை அதைக் கவ்விய கிளாம்பிலும் வைத்தார். "ஒட்டு நல்லா இருந்தா இங்க சைபர்தான் வரணும். எம்மாம் வோல்ட்டு நிக்குதோ, அம்மாம் அடைப்பு. சாவியத் திருப்பு சாமி."

'டக்'. பார்த்தார். அடுத்த குமிழ். 'டக்'. பார்த்தார். சந்தேகத்துக்கு இரண்டையும் இன்னொரு தடவை பார்த்தார். நிமிர்ந்தபோது இரண்டு முகங்கள் மிக அருகில் இருந்தன.

"எதுல ஜாஸ்தி?" என்றார் பாஷ்யம்.

"நம்பரைச் சொல்லுங்கோ" என்றார் கேசவ்.

இருபது வருஷத் தொழிலில் சைமன் ஷாக் அடிக்கும் ஒயரைத் தொடாமலே தெரிந்துகொள்வார். மீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டார். "ரெண்டுத்துலயும் அடைப்புதான்" என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போனார்.

"அபசாரம்!" இரண்டு குரல்கள்.

"சரி, உங்களுத நீங்களே தேய்ங்க."

"நான் இட்ட நாமத்தை நானே அழிக்கறதா?" என்றார் பாஷ்யம்.

"உங்களதை எடுத்தா போதுமே அத்திம்பேர். என்னுது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"ஏன், உன்னதை எடுத்தா ஓடாதோ?"

"ஏன்னா! மணி எட்டு ஐம்பது" என்றாள் பெருந்தேவி.

கேசவ் தன் கார்ச் சாவியை மேலே போட்டுப் பிடித்தார். பாஷ்யத்தின் முகம் சுண்டியது. சைமன் உப்புத்தாளை இரண்டாகக் கிழித்தார்.

"சாமி, நீ அவரோடத எடு. சார், நீங்க இவரோடத எடுங்க."

வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அப்படி ஒரு சிரத்தையைச் சைமன் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. குனிந்து, முக்கி, விளிம்பில் ஒரு புள்ளி வெள்ளைகூட விடாமல், ஊதி ஊதித் தேய்த்தார்கள். கிளாம்பின் உட்புறத்தையும் கேட்காமலே தேய்த்துக் கொடுத்தார்கள். கடையில் இருந்தபோதுகூட அந்தக் குமிழ்கள் இப்படி மின்னியிருக்காது.

சைமன் முறுக்கினார். பாஷ்யம் கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினார். அம்பாசடர் ஒருமுறை கனைத்து, புகை விட்டு, வீடு அதிர உறும ஆரம்பித்தது. பாஷ்யம் ஆக்சிலேட்டரைத் தேவைக்கு மேல் மிதித்தார். சத்தமில்லாத காரின் கண்ணாடி கிடுகிடுத்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடி மேலாப்புல சின்னதா ஒண்ணு…" என்று கேசவ் திருமண் பெட்டியைத் தேடினார்.

"பெட்டி என் மடியில இருக்கு" என்றாள் பின்சீட்டிலிருந்து பெருந்தேவி. "யாராவது தொட்டேள்னா நான் இறங்கிடுவேன்."

கேசவ் தன் சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு அம்பாசடரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மத்தியானம் சைமன் சோற்றில் கை வைத்தபோது பாஷ்யம் போன் செய்தார். பத்து ஐம்பதுக்கே போய்ச் சேர்ந்தார்களாம். லக்ன பத்திரிகை வாசித்த கையோடு சம்பந்தியே வண்டியை எடுத்துத் தெருவை இரண்டு சுற்று சுற்றினாராம். பிறகு குரல் தாழ்ந்தது. "சைமன், அந்த மீட்டர்ல… எது ஜாஸ்தி?"

"அவருதுதான் சாமி."

நீண்ட, திருப்தியான மூச்சு கேட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கேசவ், அதே கேள்வி, அதே தாழ்ந்த குரல்.

"அவருதுதான் சார்."

எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி கிரேஸ் கரண்டியை வைத்தாள். "ஞாயித்துக்கெழம, கோயிலுக்கும் போவல, இப்ப பொய் வேறயா?"

"இன்னா பொய்யி? ரெண்டு தடவ பாத்தேன். மொத தடவ அவரோடது ஜாஸ்தி. அடுத்த தடவ இவரோடது" என்றார் சைமன். "குழம்பு ஊத்து."