ஒரு வருஷம் பிந்திய காது

இறந்துபோன தையல்காரர் தன் மனைவியிடம் மேலும் ஒரு வருஷம் பேசிக்கொண்டிருந்தார். இதில் பேய், பில்லிசூனியம் எதுவும் கிடையாது. மனைவியின் காது ஒரு வருஷம் பிந்திக் கேட்டது, அவ்வளவுதான்.

அவள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் காதுக்காரம்மா. நாடா ஓடும் அந்தப் பெரிய மெஷினில், குரலைப் பதிக்கிற ஹெட்டும் பதிந்ததை உடனே திருப்பிச் சொல்கிற ஹெட்டும் இரண்டு விரல் தள்ளி இருக்கும். அதைக் கடக்க நாடாவுக்குக் கால் நொடி பிடிக்கும். ஹெட்போனில் எதைக் கேட்பது என்பதற்கு ஒரு சுவிட்ச்: மேலே தள்ளினால் மைக்கில் வருவது, கீழே தள்ளினால் நாடாவில் பதிந்தது. மைக்கில் கணீரென்று வருகிற குரல் நாடாவில் கரகரக்கலாம். ஹெட்டில் ஒட்டிய தூசி ஒரு சொல்லையே விழுங்கிவிடலாம். அதனால் நாடாவைத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. கண்ணெதிரே வாய் அசைந்து குரல் பிந்தி வந்தால் தலை கிறுகிறுக்கிறது என்று, மற்றவர்கள் அதிகாரியின் தலை மறைந்ததும் சுவிட்சை மேலே தள்ளிவிடுவார்கள். காதுக்காரம்மா பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இருபதாம் வருஷம் அந்தக் கால் நொடி அவளோடு வீட்டுக்கு வந்தது. வந்த விருந்தாளி சும்மா இராமல் வளரவும் செய்தது. முதலில் தம்ளரைக் கீழே வைத்தால் அடுத்த தம்ளரை எடுக்கும்போது சத்தம் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தை காலையில் அழுதது மாலையில் கேட்டது. காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் தாமதம் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தார். ஹெட்போனில் மட்டும் எல்லாம் பழையபடி கேட்டதால் வேலைக்குப் பாதகமில்லை என்று அதிகாரியும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில்தான் ரகளை. தையல்காரர் மழைக்காலத்தில் திட்டியதற்கு அவள் வெயில் காலத்தில் கோபித்துக்கொண்டாள். அவருக்கோ எதற்குத் திட்டினோம் என்பதே மறந்திருக்கும். கூடத்தில் ஓரங்கட்டிய மெஷின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, மைக்கில் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிச் சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள், ஹெட்போனில் கேட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் வாய் அசைந்தது, மைக்கைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னார் என்பது ஏழு மாசம் கழித்துக் கேட்டது: "கட்டின பொண்டாட்டிகிட்ட பேச மைக் எதுக்கு? நான் என்ன மேடையிலயா நிக்கிறேன்?" அதற்குள் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவசரமானதை மட்டும் துணி வெட்டும் சாக்கட்டியால் ஒட்டுத்துணியில் எழுதிக் காட்டுவார். தாமதம் ஒரு வருஷத்தை எட்டி அதோடு நின்றது.

பிறகு அவருக்கு நெஞ்சில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், காலை பதினொரு மணிக்கு அவர் வாய் நான்கு தடவை அசைந்தது. மகள் குனிந்து கேட்டாள். மகள் வாயைத் திறப்பதற்குள் காதுக்காரம்மா பொத்தினாள். "சொல்லாதே. எனக்கே வந்து சேரும்."

அதனால் அந்த வருஷம் அவள் வீடு வெறிச்சோடவில்லை. தையல் மெஷின் ஓடியது, அவர் பித்தான் தொலைத்துவிட்டுப் புலம்பினார், அவள் சிரித்தாள். ஆனால் நாள் நெருங்க நெருங்க ஒரு சந்தேகம் அரித்தது. அவர் பேசப்போன நேரத்தில் ஆஸ்பத்திரி அறை வாசலில் ஒரு தள்ளுவண்டி போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதன் சக்கரம் கிறீச்சிட்டு அவர் சொன்னதை மூடியிருந்தால்? கூடத்தில் என்றால் நிறுத்தி மறுபடி பேசச் சொல்லலாம். இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

அன்று லீவு போட்டாள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு அவள் காதில் அந்தப் போன வருஷத்து வண்டி வந்தது, சக்கரம் கிறீச்சிட்டது. அது போய் முடியும் வரை அவர் பேசவில்லை. இத்தனை வருஷம் காதுக்காரியோடு குடித்தனம் நடத்தியவர் அல்லவா, சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... கேக்குதா?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்து மகள் பயந்துபோனாள். அப்பா கடைசியில் நினைவு தப்பி ஏதோ எண்ணினார், அதை எப்படிச் சொல்வது என்று ஒரு வருஷமாக அவள் தவித்திருந்தாள். காதுக்காரம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அறையில் இல்லாத ஆளைப் பார்த்து, "கேக்குதுங்க" என்றாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அதே நாள் பதினொரு மணிக்கு அவள் கூடத்தில் ஒரு நாடாவை மாற்றிக்கொண்டிருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. அப்போது தன் குரலே தெளிவாக வந்தது: கேக்குதுங்க. இரைச்சல் இல்லை, எந்தச் சொல்லும் விழுங்கப்படவில்லை. நன்று என்று பதிவேட்டில் குறித்துவிட்டு, அடுத்த நாடாவை ஓட்டினாள்.