ஒரே மரத்துக்கு இரண்டு பெயர்

பெர்கென்யே என்ற காட்டு மரத்தின் ஜாதியை இலையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதிலும் குட்டைக் கிளையின் நடு இலையைத்தான் பறிக்க வேண்டும். வெட்டுப்பட்ட அடிமரத்திலிருந்து விறுவிறுவென்று கிளம்பும் தளிரில் பறித்தால், இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, விளிம்பு ஆழமாகப் பிளந்து, வேறு ஜாதி மரம் போல ஏமாற்றிவிடும். ஓடோன் ஹல்மோஷும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்ற முதல் பாடம் இது.

பாலடோன் ஏரிக்கு வடக்கே உள்ள பாறைச் சரிவில் அந்த ஒன்பது மரங்களைக் கண்டுபிடித்தவள் நான். இலையின் அடிப்பக்கம் மாவு தடவியது போல வெள்ளை. மேல் பாதியில் மட்டும் லேசான பிளவு. நரம்பு ஒன்பது ஜோடி. சிவந்த பழத்தில் காம்புப் பக்கம் மட்டும் புள்ளிகள். வேறெங்கும் அப்படி ஒரு மரத்தை யாரும் பார்த்ததில்லை. மூன்று கோடைக்காலம் அளந்து எழுதிய நோட்டை நம்பி ஓடோனிடம் கொடுத்தேன். அடுத்த வசந்தத்தில் கட்டுரை அவன் பெயரில் வந்தது. மரத்துக்குத் தன் மாமியார் பெயரை வைத்திருந்தான். நன்றி சொன்ன பட்டியலில் அவனுடைய நாய்கூட இருந்தது, நான் இல்லை. அவன் பேராசிரியர் ஆனான், நான் அதே மலைக்குக் காவலர் ஆனேன். இந்த மரத்தை வைத்தே இவனை மண்ணைக் கவ்வ வைப்பேன் என்று அன்றே கறுவிக்கொண்டேன்.

பதினோரு வருடம் காத்திருந்தேன். இதற்கிடையில் மின்கம்பி போட வந்தவர்கள் அந்த ஒன்பதில் ஒரு மரத்தின் பாதையோரப் பாதியை அறுத்துவிட்டுப் போனார்கள். மறுபாதி பாறைக்குப் பின்னால் சாய்ந்து தப்பித்தது. அறுத்த இடத்தில் தளிர்கள் மண்டின. அந்த நேரம் பார்த்து ஓடோன் போனில் கூப்பிட்டு, “புதுசா ஏதாவது கண்ணுல பட்டுச்சா?” என்று கேட்டான்.

“உள்ளங்கை அகல இலையோட ஒண்ணு நிக்குது” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

அவசரமாக வந்தான். இருபது இலை பறித்தான். அடியில் இருந்த புல்லை விலக்கிப் பார்க்கவில்லை. அவன் இலைகளைப் போட நான்தான் பையை விரித்துப் பிடித்தேன்.

செப்டம்பரில் புதிய கட்டுரை வெளிவந்தது. அதைப் புது ஜாதி என்று அறிவித்து, இம்முறை அமைச்சரின் பெயரை வைத்திருந்தான். மரத்தைப் பார்க்க அமைச்சரே வந்தார், வியன்னாவிலிருந்து நிபுணர்களும் வந்தார்கள்.

“ஐயா, இதுதான் உங்க மரம்” என்று ஓடோன் குழைந்தான்.

“புரொபசர் சார், பாறைக்கு அந்தப் பக்கமும் ஒரு எட்டு பாத்துடுவோம்” என்றேன். “காஸ்மெர் அண்ணே, கொக்கியப் போடுங்க.”

“எதுக்கு சரோல்டா? நேரமாகுது” என்று ஓடோன் என்னைத் தடுத்தான்.

“இவ்வளவு தூரம் வந்துட்டு மாமியாரப் பாக்காமப் போனா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

என்னோடு வேலை செய்யும் காஸ்மெர் நீளக் கொக்கியால் மறுபக்கக் கிளையை இழுத்தார். சின்ன இலைகள், சிவந்த பழங்கள். நான் காலால் புல்லை ஒதுக்கினேன். ரம்பம் அறுத்த தடம் தெரிந்தது. தளிரும் கிளையும் ஒரே அடியில் நின்றன.

வியன்னா நிபுணர்களில் ஒரு அம்மாள் மண்டியிட்டு நரம்புகளை எண்ணினார். ஒன்பது ஜோடி. பழத்தைத் திருப்பிப் பார்த்தார். “இது உங்க பழைய மரமாச்சே, புரொபசர்?”

“அப்போ அமைச்சரும் மாமியாரும் ஒரே ஆளா?” என்றார் காஸ்மெர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அமைச்சர் காரை நோக்கி நடந்தார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

ஓடோன் என்னைத் தனியே இழுத்தான். “உனக்கு அப்பவே தெரியும், இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!”

“பதினோரு வருஷமா நானும் உங்ககிட்டேருந்து ஒரு வார்த்தைக்குத்தான் சார் காத்துக்கிட்டிருந்தேன்.”

முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி. அதனால் மரம் மாமியாருக்கே. என் பெயர் அதில் ஒருநாளும் ஏறாது, அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தீராது. ஆனால் அச்சேறிய தப்புப் பெயரையும் அழிக்க முடியாது. இனி இந்த மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அமைச்சர் பெயர் தப்பாக வைத்தது, வைத்தவன் ஹல்மோஷ் என்று கீழே ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும். அவன் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும்.