முப்பத்து நாலாவது சுற்று

பதினோராம் நம்பர் கார் புல்தரையில் குறுக்காக நின்றது. ஹெல்மெட் போட்ட ஒருவர் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். கால் வழுக்கி மண்டி போட்டார், எழுந்தார், மறுபடி தள்ளினார். நல்ல மழை. அவருக்குப் பின்னால் தார்ச்சாலையில் சிவப்பு மூக்கு வைத்த நாலாம் நம்பர் கார் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. மருமகள் ஸ்கேனரை நிறுத்தி, படச்சுருளைப் பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தாள். நாலாம் நம்பர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சற்று முன்னால்தான் அதே நாலாம் நம்பர் அதே இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. போட்டியில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த கார் அது. ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வந்தால்தான் மறுபடி இங்கே தலைகாட்ட முடியும். அப்படியென்றால் புல்லில் நிற்கிற மனிதர் ஒரு முழுச் சுற்று நேரம் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த மனிதர் அவளுடைய மாமனார்.

பழைய படச்சுருள்களைத் துடைத்து, கிழிந்த ஓரங்களை ஒட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதுதான் அவள் வேலை. அறைக்குள் நுழைந்தாலே புளித்த வாடை அடிக்கும்; பழைய ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான். யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டு நாய் என்று தெரியாமலே மணிக்கணக்கில் பார்ப்பாள், அலுக்கவே அலுக்காது. ஓரத்தில் ஒரு குடை தெரிந்தால் அது யாருடைய குடை என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. 'உனக்கு எதுக்கு இந்தத் துருவல்?' என்று கணவன் கேட்பான். அவனுக்குக் கார் பந்தயம் என்றாலே தலைவலி. ஆனால் பாவம், பேசப் பழகும்போதே 'அப்பா மூணாவது' என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளை.

அந்த வீட்டில் எல்லாம் அந்த மூணாவதில்தான் வந்து முடியும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த மழைப் பந்தயம் அது. இருபத்திரண்டு கார் கிளம்பி ஏழுதான் முடித்தன. மாமா பிரமாதமாக ஓட்டினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நடுவில் ஒரு வளைவில் வழுக்கிப் புல்லுக்குள் போனார். 'இறங்கினேன், தள்ளினேன், ஏறினேன். அரை நிமிஷம்!' என்று மூன்று முறை விரலைச் சொடுக்கிக் காட்டுவார். முடிவு வந்தபோது அவருக்கு நாலாவது இடம், ஒரு சுற்று குறைவு என்று போட்டிருந்தார்கள். மூணாவது தாடிக்காரருக்குப் போனது. தாடிக்காரர் வேறு யாருமில்லை. அந்தக் காலத்தில் மாமாவோடு ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட சிநேகிதர். மாமா குதித்தார், கத்தினார், நடுவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாடிக்காரர் கோப்பையைத் திருப்பித் தரவும் இல்லை. அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது. இன்றைக்கும் வருஷப் பிறப்புக்குத் தாடிக்காரரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். மாமா உறையைப் பிரிக்காமலே மேஜை டிராயரில் போட்டுவிடுவார்.

மாமாவின் கையில் இருந்த ஒரே ஆதாரம் அத்தையின் சுற்றுக்கணக்குத் தாள். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஏது? ஓட்டுநர்களின் மனைவிகள் பந்தயப் பாதை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பென்சிலும் நிறுத்தக் கடிகாரமுமாக, ஒவ்வொரு கார் தாண்டும்போதும் அதன் நம்பரைக் கட்டத்தில் எழுதுவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு வரிசை. அத்தை அதில் கெட்டிக்காரி. மற்ற அணிக்காரர்களே கணக்கு தப்பினால் அவளிடம் வந்து எட்டிப் பார்ப்பார்களாம். அவள் தாளில் பதினோராம் நம்பர் ஒரு வரிசையில்கூட விட்டுப் போகவில்லை. 'உங்க அத்தை கையெழுத்து பொய் சொல்லாதும்மா' என்பார் மாமா. இப்போது ஐம்பதாவது வருஷ விழா. கார் பந்தயச் சங்கத்துக்காரர்கள் புத்தகம் போடுகிறார்கள். பார்வையாளர்கள் எடுத்த படங்களையெல்லாம் சேகரித்து அவளுடைய நிறுவனத்துக்கே அனுப்பியிருந்தார்கள். ஆதாரம் கிடைத்தால் முடிவைத் திருத்துவதாக எழுத்தில் சொல்லிவிட்டார்கள். மூணாவது என்று போட்டால்தான் விழாவுக்கு வருவேன் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். கோட்டு சலவைக்குப் போய் வந்து அலமாரியில் தொங்குகிறது.

அவள் சுருளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். எங்கேயாவது வெட்டி ஒட்டியிருந்தால், நாலாம் நம்பர் இரண்டு தடவை வந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். வெட்டே இல்லை. சாவி கொடுத்து ஓட்டுகிற கேமரா. ஒரு சாவிக்கு அரை நிமிஷம்கூட ஓடாது. எடுத்தவர் நின்று நின்று ஐந்து முறை சாவி கொடுத்திருக்கிறார், ஐந்து முறையும் மாமா புல்லில்தான். ஒரு கேள்வி அவள் மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது. கார் வரவே இல்லை. அப்படியானால் அத்தை எதைப் பார்த்து எழுதினாள்?

மறுநாள் மாமா முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தையிடம் போய் நின்றாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள், பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டாள். அத்தை கையிலிருந்த சட்டையை இரண்டு முறை உதறினாள். பிறகு கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டி, அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் துண்டு மட்டும் கெட்டுப் போயிருந்துச்சுன்னு சொல்ல முடியாதாம்மா?" என்றாள்.

"சொல்லலாம் அத்தை. என்னால முடியாது."

"தெரியும். சும்மா கேட்டேன்."

கீழே வந்து பீரோவைத் திறந்து அசல் தாளை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். மருமகள் இத்தனை வருஷமும் நகலைத்தான் பார்த்திருக்கிறாள். அசலில் மற்ற நம்பர்கள் எல்லாம் அவசர அவசரமாக, பென்சில் பட்டும் படாமலும் கிறுக்கியவை. முப்பத்து நாலாவது வரிசையில் மட்டும் பதினொன்று ஆழமாக அழுந்தியிருந்தது. மருமகள் தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தாள். பின்பக்கம் அந்த அழுத்தம் விரலில் தட்டுப்பட்டது.

"மழைல நம்பரே தெரியாது," என்றாள் அத்தை. "தண்ணிப் புகையா ஒன்னு வரும், போயிடும். காதாலதான் எழுதுவோம். இவர் இஞ்சின் சத்தம் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அந்தச் சுத்துல அது வரல. தாடிக்காரர் வண்டி போச்சு, அதுக்கடுத்தது போச்சு. இவரைக் காணோம். கட்டம் காலியா கெடக்கு. வண்டி நின்னுபோனா ஆள் நடந்தாவது வந்துடுவான். ஆனா அந்த வருஷத்துல ரெண்டு பேருக்கு நான் கட்டத்தைக் காலியா விட்டிருக்கேன். ரெண்டு பேருமே திரும்பி வரல. ஒருத்தன் பொண்டாட்டி எனக்குப் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருந்தா."

மருமகள் அந்தப் பதினொன்றை மறுபடி தடவிப் பார்த்தாள்.

"எழுதிட்டேன். எழுதினா வந்துடுவார்ன்னு ஒரு இது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அடுத்த சுத்துல வந்துட்டாரே! எனக்கு அழுகையும் சிரிப்புமா வருது, அழிக்கணும்னே தோணல. பந்தயம் முடிஞ்சதும் வந்து தாளைப் பிடுங்கிட்டு நடுவர்கிட்ட ஓடினார். 'என் பொண்டாட்டி கணக்கு'ன்னு அத்தனை பேர் முன்னாடி தூக்கிக் காட்டினார். நான் எப்படி வாயைத் திறப்பேன்?"

"அதுக்கப்புறம்? இத்தனை வருஷத்துல?"

"முதல்ல வெட்கமா இருந்துச்சு. அப்புறம் பயமா இருந்துச்சு. அப்புறம் அது அவர் சொத்தாயிடுச்சும்மா, எப்படிப் பிடுங்கறது?" தாளை மடித்தாள். "நாளைக்கு அவரை உன் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போ. நானும் வரேன். படத்தை எனக்குத் தனியா போட்டுக் காட்டிடாதே."

மாமா கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். தன்னைத் தானே பார்க்கப் போகிற குஷி. அறையின் வாடைக்கு மூக்கைச் சுளித்தார், திரைக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், மருமகளின் உதவியாளர் பெண்ணிடம் தன் பெருமையைச் சொல்லி டீ வாங்கிக்கொண்டார். படம் ஓட ஆரம்பித்ததும் "அடடா, பாரு பாரு, அதான் நான்!" என்று கை தட்டினார். நாலாம் நம்பர் போனது. மாமா சிரித்துக்கொண்டேயிருந்தார். படம் துள்ளியது, மறுபடி புல், மறுபடி மழை, மறுபடி தள்ளல். நாலாம் நம்பர் மறுபடி போனது.

"நிறுத்தும்மா. பின்னால போ."

மூன்று முறை பின்னால் போனாள். மூன்றாவது முறைக்குப் பிறகு மாமா டீக் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"அப்ப முப்பத்து நாலு?" என்றார், திரையைப் பார்த்தபடியே.

"நீங்க வரல," என்றாள் அத்தை. "நான் பாக்காம எழுதினேன்."

"ஏன்?"

"காலியா விட பயமா இருந்துச்சுங்க."

எந்தப் பயம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு பேரின் சவப்பெட்டியையும் தூக்கியவர் அவர். ஆனால் கோபம் வந்துவிட்டது, வராமல் இருக்குமா? நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "அம்பது வருஷம்! அவன் மூஞ்சிலயே முழிக்காம இருந்திருக்கேன். அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போகல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ?"

"சொல்லியிருக்கலாம்."

"கள்ள ஆட்டம் ஆடினவன் அவன்னு நெனச்சேன். கடைசில நான்..." வாக்கியத்தை முடிக்க முடியாமல் கதவுப் பக்கம் போனார். கைப்பிடியில் கை வைத்தார், திறக்கவில்லை. மருமகள் படத்தை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை சங்கத்துக்குப் படம் போயாக வேண்டும். அதற்குள் அவரே அவர்களுக்கு உண்மையை எழுதுவாரா, வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாரா, இரண்டில் எது நடந்தாலும் தான்தான் அதைக் கொண்டுவந்தவள். அது அவளுக்கு வலித்தது. அவர் முதுகை வைத்து எதையும் படிக்க முடியவில்லை.

"முதல்லேர்ந்து போடும்மா," என்றாள் அத்தை. "இவ்வளவு நேரம் நான் இவரைத்தான் பாத்துட்டிருந்தேன். படத்தைப் பாக்கல."

மருமகள் போட்டாள். அத்தை காலியான நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டாள். மழை பெய்தது. கார் சுழன்று புல்லில் வந்து நின்றது. ஹெல்மெட் வெளியே வந்தது, பிறகு ஒரு கால், பிறகு இன்னொரு கால். அத்தை மெல்ல "ஓ" என்றாள். அன்றைக்கு அவள் கண்ணுக்கு எட்டாத வளைவு அது; அந்த இரண்டு நிமிஷமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இப்போதுதான் பார்க்கிறாள். திரையில் அவர் சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தார், எதையோ வாரி வீசினார், பின்னால் ஓடினார். நாலாம் நம்பர் போனது. "சீக்கிரம்," என்றாள் அத்தை, அடிக்குரலில். "சீக்கிரங்க." அவர் வழுக்கி விழுந்தபோது அவள் தோள் துள்ளியது. "ஐயோ, எழுந்திருங்க."

கதவுப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. மருமகள் திரும்பவில்லை, கண்ணோரத்தில் மட்டும் பார்த்தாள். மாமா வந்து அத்தைக்குப் பின்னால் நின்றார். நாலாம் நம்பர் இரண்டாவது தடவை போனது, அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். திரையில் கார் ஒரு சாண் நகர்ந்து நின்றது, மறுபடி ஒரு சாண். மாமா தலையைக் குனிந்துகொண்டு, ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்துகொண்டிருந்தார்.