ஐந்து தண்ணீர்

ஸௌதாமினி டீச்சரின் சிவப்புப் பேனா ஒன்பதாம் கேள்வியின் மேல் வந்து நின்றுகொண்டது. தலைக்கு மேலே மின்விசிறி, சுற்றுகிறேன் பார் என்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. கேள்வி எளிமையானது. நீல நிற மயில்துத்தப் படிகத்தின் வாய்பாட்டை எழுதி, நானூற்றுத் தொண்ணூற்றொன்பது கிராம் படிகத்தில் எத்தனை மோல் என்று கணக்கிட வேண்டும். ஐந்து மார்க். விடைத்தாளில் CuSO₄·5H₂O என்று எழுதி, செம்பு, கந்தகம், ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றின் எடையையும் கூட்டி, ஐந்து தண்ணீரையும் மறக்காமல் சேர்த்து, இரண்டு மோல் என்று முடித்து, விடையைச் சுற்றி ஸ்கேல் வைத்து ஒரு கட்டமும் போட்டிருந்தது யாரோ ஒரு பிள்ளை. பக்கத்தில் இருந்த விடைக்குறிப்பில் 3.13 என்று இருந்தது.

டீச்சர் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். இரண்டுதான். விடைக்குறிப்பைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று திருப்பியும் பார்த்தார். தலைகீழாகவும் அது தப்பாகவே இருந்தது.

மோல் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. முட்டைக்கு டஜன் மாதிரி அணுக்களுக்கு மோல். கண்ணுக்குத் தெரியாத சரக்கை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் எடை போட்டு எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிற தந்திரம். ஆனால் தராசில் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். மயில்துத்தப் படிகத்துக்குள் ஒவ்வொரு துத்தத்தோடும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் குடித்தனம் செய்கின்றன. தொட்டால் ஈரம் தெரியாது, பிழிந்தால் சொட்டாது. ஆனாலும் படிகத்துக்கு அந்த நீலத்தைக் கொடுப்பது அவைதான். விடைக்குறிப்பை எழுதியவர் ஐந்து பேரையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டு, காலி வீட்டை எடை போட்டிருந்தார்.

எழுதியவர் அரவிந்தாக்ஷன் மாஷ். மலையாளத்தில் மாஷ் என்றால் வாத்தியார். பாரதப்புழைக் கரை வேதியியல் ஆசிரியர் சங்கத்துக்கு அவர் செயலாளர், தலைமைத் திருத்துநர், பாடத்துணை நூலாசிரியர், குத்துவிளக்குக்குச் சொந்தக்காரர். சங்கம் நடத்தும் திறனறித் தேர்வில் முதலில் வருகிற பிள்ளைக்கு ப்ளஸ்-டூ முடியும்வரை படிப்புச் செலவு சங்கத்துடையது. அதனால் பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதுவார்கள். கோடை விடுமுறையில் பட்டாம்பியில் ஒரு பெண்கள் பள்ளியின் வகுப்பறையில், முழங்கால் இடிக்கிற குட்டை பெஞ்சுகளில் உட்கார்ந்து ஆசிரியர்கள் திருத்துவார்கள். திருத்தலுக்கும் தொடக்க விழா உண்டு. முதல் நாள் காலை மாஷ் விளக்கேற்றினார். வரவேற்புரையில் தன்னையே வரவேற்று, தலைமையுரையில் அதற்கு நன்றி சொன்னார். பிறகு அவகாட்ரோவைப் பற்றிப் பேசினார். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் போல மாஷின் குரல் தழுதழுக்கும்.

டீச்சர் பக்கத்தில் இருந்த லைலாவிடம் குனிந்தார்.

"லைலா, ஒன்பதாவது கேள்விய பாத்தியா?"

"பாத்தேன் டீச்சரே."

"கீ தப்பு."

"தெரியும்." லைலா தலை நிமிராமலே இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். "முன்னாடி பெஞ்சுல எல்லாருக்கும் தெரியும். பேசாம போட்டுட்டு வாங்க. நாலு மணிக்கு பிரியாணி."

பின்னால் இருந்த ஜோயி மாஷ் கழுத்தை நீட்டினார். "டீச்சரே, போன வருஷம் அம்மோனியாவுக்கு ஒரு ஹைட்ரஜன் குறைச்சுப் போட்டார். நாம ஏதாவது சொன்னோமா? அம்மோனியாவே ஒண்ணும் சொல்லல."

டீச்சர் சிரித்தார். சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் ஆட்கள் இருந்த இடம் இப்போது அவருக்கு இது ஒன்றுதான். மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார். கணவர் போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. மகன் நியூசிலாந்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, அங்கே குளிர் என்று சொல்வான். இங்கே வெயில் என்று இவர் சொல்வார். அத்துடன் உலகச் செய்திகள் முடிந்துவிடும். மற்ற நாட்களில் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் "அப்படியா? நீ பாத்தியா?" என்று கேட்டுச் சண்டை போடுவதும், குக்கரின் விசிலை எண்ணி உரக்கச் சொல்வதும்தான் பேச்சு. ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தத் திருத்தல் முகாமில் உரிமை கிடையாது. அரவிந்தாக்ஷன் மாஷ் மனது வைத்துக் கூப்பிட்டால் உண்டு. ஏப்ரல் முழுக்க டீச்சர் போனைக் குளியலறை வரைக்கும் கொண்டுபோனார். மாஷ் கூப்பிட்டார். "டீச்சர் இல்லாம ஒரு கேம்ப்பா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு டீச்சர் இரண்டு புடவைகளுக்குக் கஞ்சி போட்டார். லைலாவின் காரில் முன்னால் மாஷ், பின்னால் ஜோயியும் இவரும். காலையில் கூற்றநாடு முக்கில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் இறக்கிவிடுவார்கள். முகாம் முடிகிற நாளில் பிரியாணி.

இன்றுதான் முடிகிற நாள். ஒரு நாளைக்குச் சில கேள்விகள் என்று பிரித்துத் திருத்தியதில் ஒன்பதாம் கேள்வி கடைசி நாளுக்கு வந்திருந்தது.

பேனா இன்னும் நகரவில்லை. சும்மா ஒரு பூஜ்யம். யாருடைய தாள் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் பூஜ்யத்தின் வளைவைக்கூடத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்தக் கட்டத்தின் நான்கு மூலைகளும் அவ்வளவு சரியாகக் கூடியிருந்தன. சந்தேகமே இல்லாத ஒருத்தரால்தான் அப்படிக் கட்டம் போட முடியும்.

"மாஷே," என்று எழுந்து நின்றார். "ஒன்பதாவது கேள்வி."

லைலா கண்ணை மூடிக்கொண்டாள்.

அரவிந்தாக்ஷன் மாஷ், கட்டுகளுக்கு அரக்கு வைப்பதற்காகக் கொளுத்திய மெழுகுவர்த்தியின் முன், அபிஷேகத்துக்குக் காத்திருக்கும் விக்கிரகம் போல் அமர்ந்திருந்தார். "சந்தேகமா? கேளுங்க. சந்தேகம்தான் விஞ்ஞானத்தோட தாய்."

"சந்தேகம் இல்ல. கீ தப்பு."

தாய் இல்லை என்று கேட்டதும் மாஷின் முகம் மாறியது. "டீச்சரே, மார்க் ஸ்கீம்ங்கறது வேதம் மாதிரி. அதுக்கு விளக்கம் உண்டு, திருத்தம் கிடையாது."

"கேள்வில நீலப் படிகம்னு இருக்கு மாஷே. அப்போ அஞ்சு தண்ணியையும் சேக்கணும்."

"நீலம் ஒரு நிறம். நிறத்துக்கு எடை உண்டா?" மாஷ் அறையைச் சுற்றிப் பார்த்தார். அறை சிரித்தது.

"சேத்தா சரியா ரெண்டு வருது. மூணு புள்ளி ஒண்ணு மூணு வர்ற மாதிரி யாராவது கேள்வி போடுவாங்களா?"

"வாழ்க்கைல எல்லாம் முழு எண்ணாவா வருது?"

"மாஷோட பேன்ட் சைஸ் மட்டும்தான் வருது," என்றார் ஜோயி, பெஞ்சுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பெஞ்சு குலுங்கியது. அந்தச் சிரிப்பின் கணக்கும் டீச்சரின் பெயரிலேயே எழுதப்பட்டது.

மாஷ் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்துவது கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. "டீச்சரே, ரிட்டையர் ஆனவங்க ஓய்வெடுக்கணும். நாங்க கூப்பிட்டது ஒரு மரியாதைக்கு. வீட்டுல பேச ஆள் இல்லன்னு இங்க வந்து பேசினா எப்படி?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். கைகள் என்னவோ பையைத் திறந்தன. உள்ளே பிளாஸ்டிக் பொட்டலத்தில் கால் கிலோ மயில்துத்தம். மழைக்கு முன்னால் கமுகு மரங்களுக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கக் காலையில் உரக்கடையில் வாங்கியது. அந்த ஊரில் மே மாதத்தில் பாதிப் பேர் பையில் அது இருக்கும். அவர் ஒரு சிட்டிகைப் படிகத்தைச் சாப்பாட்டு டப்பாவிலிருந்த ஸ்பூனில் எடுத்துக்கொண்டு, மேசைக்கு நடந்து, மாஷின் மெழுகுவர்த்திமேல் பிடித்தார்.

"என்ன டீச்சரே இது, பூஜையா?" என்றார் மாஷ்.

டீச்சர் டப்பாவின் மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஸ்பூனுக்கு மேலே சாய்த்துப் பிடித்தார். ஸ்பூனின் அடி கறுத்தது. இந்த ஸ்பூனை இனி வாயில் வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்த ஆறு ஸ்பூன் செட்டில் ஒன்று அது. மற்ற ஐந்தும் வெல்வெட்டுப் பெட்டிக்குள் அப்படியே பளபளவென்று இருந்தன. பெஞ்சுகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து சூழ்ந்தார்கள். வருடக்கணக்காகக் கரும்பலகையில் மட்டும் அதைச் சூடாக்கியவர்கள். ஓரத்தில் தொடங்கி நீலம் வெளுத்தது. மூடியின் உட்புறம் முதலில் மங்கியது, பிறகு புள்ளி புள்ளியாக வியர்த்தது. இரண்டு புள்ளிகள் சேர்ந்து ஒரு துளியாகி, விளிம்புக்கு ஓடிவந்து, மாஷின் விடைக்குறிப்பின்மேல் விழுந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு மாஷே?"

"மாஷோட கண்ணீர்," என்றார் ஜோயி. இந்த முறை எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

ஸ்பூனில் வெள்ளைப் பொடி இருந்தது. பல்பொடி மாதிரி, திருநீறு மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாத எதையோ போல. மாஷ் அதை வெகுநேரம் பார்த்தார். "லேப்ல நடக்கறது வேற, பேப்பர்ல நடக்கறது வேற," என்றார் கடைசியில். சொன்ன பிறகு அவருக்கே அது கொஞ்சம் மெலிந்து கேட்டிருக்க வேண்டும். எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பால் இல்லாத கட்டன்சாயாவுக்குச் சொன்னார். யாரோ இரண்டு பேர் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசினார்கள். சாயா முடிந்து திரும்பியபோது அவர் முகத்தில் புதிய ஒளி இருந்தது.

"நண்பர்களே, தீர ஆலோசிச்சு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். பிள்ளைங்க பாவம். ரெண்டு விடைக்கும் முழு மார்க்."

கைதட்டல் எழுந்தது. விஞ்ஞானத்தில் அன்பும் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உலகத்திலேயே முதன்முறையாக ஒரே பொருளுக்கு இரண்டு எடைகள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன.

டீச்சர் இடத்துக்குத் திரும்பி, கட்டத்துக்குப் பக்கத்தில் ஐந்து என்று போட்டார். பேனாவை அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் பதிந்தது. அடுத்த தாளில் 3.13 இருந்தது. அதற்கும் ஐந்து போட்டார்.

மூன்று மணிக்கு நிறைவு விழா. மாஷ் நன்றியுரையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். "ஸௌதாமினி டீச்சர் வயசையும் பாக்காம வந்து சிரமப்பட்டாங்க. அடுத்த வருஷத்துலேருந்து அவங்களுக்கு நாம அந்தச் சிரமத்த கொடுக்கக் கூடாது." அதற்கும் கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. பாதியில் நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று மற்றவர்கள் நிறுத்தும்வரை தட்டினார்.

கார் மாமரத்தடியில் நின்றது. பின் இருக்கையில் ஜோயி ஏறியாயிற்று. பக்கத்து இடத்தில், டீச்சரின் இடத்தில், மாஷின் குத்துவிளக்கு உட்கார்ந்திருந்தது. விழுந்துவிடக் கூடாதென்று யாரோ அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டிருந்தார்கள். வழக்கமாக அது டிக்கியில்தான் வரும்.

"டிக்கில பேனரும் பேப்பர் கட்டும் நிறைஞ்சுபோச்சு டீச்சரே," என்றார் மாஷ் முன் இருக்கையிலிருந்து, நேராக ரோட்டைப் பார்த்து. "விளக்க மடில வச்சுக்கவும் முடியாது. எண்ணெய்."

"பரவால்ல மாஷே. எனக்கு பஸ் இருக்கு."

லைலா கண்ணாடியை இறக்கினாள். ஏதோ சொல்ல வந்து, "ஃபோன் பண்றேன் டீச்சரே," என்றாள்.

"பண்ணு. பிரியாணி எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

ஜோயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று டீச்சர் ஒரு நொடி காத்திருந்தார். அவர் விளக்கைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்தப் பார்த்தார். பெல்ட் விடவில்லை. கார் போனது.

கூற்றநாடு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வெளியே பாரதப்புழை ஆறு, மணல் திட்டும் நடுவில் ஒரு கோடு தண்ணீருமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மேற்கில் மேகம் கட்டியிருந்தது. காற்று கனத்து, கழுத்தில் பிசுபிசுத்தது. கண்டக்டர் வந்து "எங்க?" என்று கேட்டார். டீச்சர் சொன்னார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். "மழை வரும்போல இருக்கு," என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார் டீச்சர். அது டிக்கெட் சம்பந்தப்பட்டதாக இல்லாததால் கண்டக்டர் திரும்பவில்லை.

மடியில் சாப்பாட்டு டப்பா இருந்தது. வெள்ளைப் பொடியைக் கொட்டிவிட்டு வர மனமில்லாமல் ஸ்பூனோடு ஒரு காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருந்தார். இப்போது மூடியைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, காற்று அள்ளிக்கொண்டு போகாமல் கையால் அணை கட்டிப் பார்த்தார். மூடியிலிருந்த துளிகள் எப்போதோ காய்ந்திருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீரும் படவில்லை. ஆனாலும் பொடியின் ஓரத்தில், காகிதம் விலகி ஈரக்காற்று பட்ட பக்கத்தில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. டீச்சர் டப்பாவை மூடவில்லை. ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார்.